கிராக் டெஸ்ட் அறையில் நான்கு நாள்

நான் வேலைக்குக் கிளம்பும் கோலத்தைப் பார்த்து மத்திகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் ராக்கெட் அக்கா. தலையிலிருந்து தோள்வரை அம்மா தைத்துக் கொடுத்த முக்காடு, முகத்துக்கு முன்னால் வெயிலை வடிகட்டும் கண்ணாடித் தாள், கையுறை, காலுறை. ஒருமுறை டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தேன் எடுக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆமாங்க என்றேன். தனக்கு ஒரு பாட்டில் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

என் நோயின் பெயர் வாயில் நுழையாது. வீட்டில் அதை வெயில் வியாதி என்போம். அப்பாவும் அம்மாவும் விருதுநகர்ப் பக்கம்; அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னிடம் வந்து இறங்கிவிட்டன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலைக் கெடுத்தால் மற்றவர்களுக்கு உடம்பே சரிசெய்துகொள்ளும். எனக்குச் சரிசெய்யாது. மூக்கோரம் ஒரு கட்டி, கண்ணுக்குக் கீழே ஒரு கட்டி, இரண்டையும் புற்று என்று வெட்டி எடுத்தாயிற்று. முகமெல்லாம் மிளகைத் தூவினாற்போலப் புள்ளிகள். அதனால் கதிரை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

வாகனங்களுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த தகடு வழியே பகல் முழுக்க வெயில் உள்ளே இறங்கும். ஆகவே ஷிஃப்ட் முழுக்க முக்காட்டோடுதான் இருப்பேன். ஒன்றரை வருடமாக என் முகம் எப்படி இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சாப்பாட்டைக்கூட ஸ்டோர் ரூமில் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம், இளகிய மனசு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்குன்னே கட்டுன மாதிரி ஒரு ரூம் இருக்குது. வெயிலு எட்டிக்கூடப் பாக்காது. கிராக் டெஸ்ட்டுக்கு மாத்திடட்டுமா?"

கிராக் டெஸ்ட் அறை என்றால் நாலு பக்கமும் கறுப்புத் திரை போட்ட கும்மிருட்டு. இரும்பு ஷாஃப்ட்டில் காந்தம் ஏற்றி, மினுங்கும் பொடி கலந்த திரவத்தை ஊற்றி, ஊதா விளக்கின் கீழே பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடப் பச்சைக் கோடாக எழுந்து நிற்கும். முதல் நாள் திரைக்குள் நுழைந்ததும் முக்காட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வேலை செய்யும் இடத்தில் முகத்தில் காற்றுப் பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே ஏற்கெனவே வேலை பார்த்தவள் தெலுங்கு பேசும் உள்ளூர்ப் பெண், வாயாடி. அந்த விளக்கில் பற்களெல்லாம் பளீரென்று மின்னும்.

"அக்கா, உங்க பல்லு எவ்ளோ வெள்ளை! சினிமாக்காரி மாதிரி இருக்குது!" என்றாள்.

நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஊதா இருட்டில் என் புள்ளிகளோ தழும்போ அவள் கண்ணில் படவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் நாள் முகம் சிவந்து வீங்கி, இமை கனத்தது. "ராயக்கோட்டை மார்க்கெட்டுத் தக்காளி கணக்கா இருக்கு மூஞ்சி. எங்கடி வெயில்ல திரிஞ்ச?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். இருட்டு அறையில் எங்கே வெயில் என்று நானும் சண்டை போட்டேன். கடைசியில் பழி கேன்டீன் கத்திரிக்காய் மேல் விழுந்தது.

சாயங்காலம் பெங்களூரில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் கத்திரிக்காயைக் காதில் வாங்கவே இல்லை. அந்த அறையில் என்ன விளக்கு என்றுதான் கேட்டார். சொன்னேன்.

"அதுவும் அதே கதிர்தான்மா. முகம் வீங்குதில்ல, அது தோல் கத்துறது. அது கேக்கும். சத்தமே இல்லாம இன்னொண்ணும் நடக்கும். தோல்ல காவல் இருக்கிற செல்லுங்களை அந்தக் கதிர் அசத்திப் போட்டுடும். கெட்டுப்போன செல்லை அவங்கதான் பிடிக்கணும். உனக்கு ரிப்பேரும் கிடையாது. காவலும் தூங்கிட்டா அடுத்த கட்டியை யார் தடுப்பா?"

விளக்கு மேல் எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. மீட்டர் நாலு நாளும் பையிலேயே கிடந்ததற்குக் காரணம் மறதி அல்ல. எடுத்துப் பார்த்தால் முக்காட்டை மறுபடி மாட்ட வேண்டியிருக்கும் என்ற பயம். எங்கே போட்டாலும் இவளோடு தொல்லை என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்றும் பயம்.

மறுநாள் முக்காட்டோடு போய், சூப்பர்வைசர் முன்னால் மீட்டரை விளக்கின் கீழே நீட்டினேன். அது கூவிய கூவலில் பக்கத்து மெஷின்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் முகம் செத்துவிட்டது. "நல்லது பண்றேன்னு நெனச்சி நெருப்புல தள்ளிட்டனேம்மா," என்றார். எல்லா விளக்கும் இப்படித்தான் என்று காட்டி அவரைத் தேற்றுவதற்காகப் பக்கத்து விளக்கையும் அளந்தேன். அது இதில் பாதிகூடக் காட்டவில்லை.

அப்போதுதான் முதல் விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். அதன் முன்கண்ணாடியில் முடியளவு விரிசல். அது தடுக்க வேண்டிய கடுமையான கதிரெல்லாம் அந்த வழியே ஒழுகியிருக்கிறது. விரிசல் கண்டுபிடிக்கும் அறையில் மாசக்கணக்காக ஒருவர் கண்ணிலும் படாத விரிசல்! வாயாடி மெதுவாகச் சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைவரை சிவந்து தோல் உரிந்திருந்தது. "சோப்பு ஒத்துக்கலைன்னு மூணு சோப்பு மாத்திட்டேன் அக்கா," என்றாள்.

அன்றே அந்த அறையைப் பூட்டினார்கள். விளக்கு மாறியது, உள்ளே போகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் வந்தன. வாரம் ஒருமுறை விளக்குகளை அளக்கத் தனி மீட்டர் வாங்கி, திரைக்கு வெளியே நின்று படிக்கும்படி நீளக் கம்பியும் பொருத்தி, அந்த வேலையை என்னிடமே கொடுத்தார்கள். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வீக்கம் வடிய மூன்று வாரம் பிடித்தது. அடுத்த செக்கப்பில் டாக்டரம்மா முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் புதிதாக எதுவும் இல்லை என்றார். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பழகிய வார்த்தைதான்.

அதற்குள் சூப்பர்வைசர் மெனக்கெட்டு என் பழைய மேஜைக்கு மேலே கூரைத் தகட்டிலும் பக்கத்து ஜன்னலிலும் கதிர் தடுக்கும் தாள் ஒட்ட வைத்திருந்தார். மேஜையைச் சுற்றி நாலு பக்கமும் அளந்தேன். எல்லாம் பூஜ்யம். ஆனால் கை முக்காட்டின் முடிச்சிலேயே நின்றது. இது ஊதா இருட்டு இல்லை, பட்டப்பகல் வெளிச்சம். வாயாடி எதிரே நின்றிருந்தாள். கழற்றினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ச்சே, இவ்ளோதானா அக்கா? வெளிச்சத்துல பாத்தா உங்க பல்லும் மஞ்சள்தான்!" என்றாள்.

இத்தனை புள்ளி, இரண்டு தழும்பு, அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இவள் கண்ணில் பட்டது பல்லா? அந்த மஞ்சள் பல் அத்தனையும் தெரிய நான் சிரித்தேன்; கண்ணில் தண்ணீரும் வந்தது. மத்தியானம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. அந்த மேஜையிலேயே எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.