அண்ணன் அறைக்கு ஒரு முகவரி

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளை டிப்போவில் எல்லாரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். தூரத்தில் ஒரு பூனை தெரிந்தாலே அவள் கை ஹாரனுக்குப் போய்விடும்.

வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும். அண்ணனுக்கு வலிப்பு நோய். ஒருமுறை அவள் வேலைக்குப் போயிருந்தபோது குளியலறை வாசலில் விழுந்து, நெற்றி கிழிந்து கிடந்தான். அதிலிருந்து வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் போன் போடுவாள். அவன் எடுக்கத் தாமதித்தால், எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவாள்.

அதனால் அவன் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்தாள். வீட்டுக்குள் இருக்கும்வரை போனில் படம் வந்தது. தெருவுக்குப் போனால் வரவில்லை. இணைய கம்பெனியில் விசாரித்தபோது காரணம் சொன்னார்கள். பழைய வகை முகவரிகள் போதாமல் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றே ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வெளியிலிருந்து அவள் வீட்டை மட்டும் தேடிப்பிடிக்க முடியாது. ஐபிவி6 என்ற புது வகையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டினாள். எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு முழ நீளத்துக்கு முகவரி கிடைத்தது. அப்போதும் படம் வரவில்லை. வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாத, ரவுட்டரின் ஃபயர்வால் என்ற தடுப்பை அணைத்ததும் வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

மறுநாள் டிப்போவில் மெக்கானிக்கிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் அந்த முகவரியைத் தன் போனில் அடித்துப் பார்த்தார். பனியனோடு அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ஏம்மா, பாஸ்வேர்டே கேக்கலையே. அப்போ யார் வேணும்னாலும் பாக்கலாமா?"

வண்டி எடுக்க நேரமாகியிருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கேமராவ முதல்ல சுவத்துப் பக்கம் திருப்பு."

"ஏன், என் அழகு அவ்வளவு மோசமா?"

"விளையாடாதண்ணா! யார் வேணா பாக்கலாம், திறந்து கிடக்கு!"

அவன் சிரிப்பு நின்றது. "ரவுட்டர்ல எங்க போகணும்? சொல்லு, நான் பண்றேன்."

"உன்னால…"

"என்னால முடியும். சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் தன் போனிலிருந்தே ஃபயர்வாலை மறுபடி இயக்கினான். மெக்கானிக்கின் போனில் படம் உறைந்து மறைந்தது. அவள் போனிலும்தான்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். "இருக்கேன், ஒண்ணும் ஆகல. நீ வண்டியப் பாத்து ஓட்டு."

மாலையில் இருவருமாக உட்கார்ந்து கேமராவுக்குப் பாஸ்வேர்டு வைத்தார்கள். ஃபயர்வாலில் கேமராவுக்கு மட்டும் வழிவிட்டு, மற்றதையெல்லாம் மூடினார்கள்.

"ஆனா கூடத்துல வை. குளியலறை வாசல் தெரிஞ்சா போதும்," என்றான் அண்ணன். "என் ரூம் என்னோடது."

"தூங்கும்போது வலிப்பு வந்துட்டா?"

"வரலாம்."

அவள் கேமராவைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினாள்.

காலையில் முதல் நிறுத்தத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். காலிக் கூடம். அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது. கூப்பிடலாமா என்று தோன்றியது. பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா என்று கண்ணாடியில் பார்த்தாள்.