தடத்தில் நட்ட நெல்

என் அம்மா நாகவல்லி போன மார்கழியில் இறந்தாள். வயது அறுபத்திரண்டு. ஆவடிப் பக்கம் கோவில்பதாகைக்கு அப்பால், ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அப்பா போன பிறகு அவள்தான் தனியாகப் பயிர் வைத்தாள். நான் வேதியியல் படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். கடைசிப் பருவத்தில் அவளோடு இருந்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

நிலத்துக்குக் கிழக்கே குப்பை மேடு. புதுக் குடியிருப்புகள் வர வர அது விரிந்தது. போன சித்திரையில் தன் பாதையையே மூடிக்கொண்டது. லாரிகள் உள்ளே போக வழியில்லை. தங்கராஜ் என்ற ஓட்டுநர் வந்து, எங்கள் வயல் வழியாகப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டார். நவரை அறுப்பு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அறுத்த வயல் பொது. அடுத்த உழவு வரை யார் மாடும் மேயலாம், யார் வண்டியும் போகலாம். கேட்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உழவு வரைக்கும் போங்கள் என்றாள்.

அது மாட்டு வண்டிக்கான வழக்கம். லாரிகள் நாள் முழுக்கப் போயின. மழை பெய்து சக்கரம் புதைந்ததும் செங்கல் இடிபாட்டைக் கொட்டித் தடத்தை உயர்த்தினார்கள். வயல் இரண்டாகிவிட்டது. ஏரி வாய்க்கால் மேற்கு வரப்பை ஒட்டி வந்து வடக்கு மூலையில் பாயும். உயர்ந்த தடத்தைத் தாண்டித் தெற்குப் பாதிக்குத் தண்ணீர் போகவில்லை.

ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விட்டாள். வழியை நிறுத்தச் சொன்னாள். புதுப் பாதை போடுகிறோம், அடுத்த வாரம் என்றார் குப்பை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னார். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. வடக்குப் பாதியை மட்டும் நட்டுக்கொள் என்று நான் சொன்னேன்.

"சும்மா கெடந்தா அத நெலம்னு எவன் சொல்வான்? குப்பயோட சேத்துக்குவான்" என்றாள். "நட்டுட்டா விடு. பயிரு மேல எவனும் சக்கரத்த ஏத்த மாட்டான்."

அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தடத்தை உழ அவளுக்கு ஒரு இடைவெளிதான் வேண்டியிருந்தது. ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் லாரிகள் ஓடா.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் தொடக் கூடாது. டிராக்டர்காரர் மறுநாள்தான் வருவேன் என்றுவிட்டார். அம்மா காலையில் மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பொட்டு காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். எனக்கும் விடுமுறை. கூடப் போனேன். செங்கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டோம். தடத்தில் அங்கங்கே குழி பறித்து வாய்க்காலைத் திறந்துவிட்டோம். மாலைக்குள் தடத்து மண் கொஞ்சம் இளகியது, தெற்குப் பாதிக்கும் தண்ணீர் இறங்கியது.

விஜயதசமியன்று டிராக்டர் வந்தது. தடம் மேலாகத்தான் கிழிந்தது. அடிமண் அப்படியே இருந்தது. கூலிக்கு வந்த பெண்களிடம் தடத்தை முதலில் நடச் சொன்னாள். இருட்டுவதற்குள் வயல் முழுவதும் நட்டாயிற்று.

மறுநாள் காலை லாரிகள் வந்தன. இரண்டு நாள் குப்பை. பூசணிக்காய், வாழைக்கன்று, மாலை. முதல் வண்டி தங்கராஜுடையது. வரப்பு ஓரம் நிறுத்திவிட்டு இறங்கினார். நாற்றைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரோட்டுல நட்டு வச்சிகீற?"

"என் ஊட்டு நெலம் எப்போடா ரோடாச்சி? முந்தாநாளு பூசையில டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கினல்ல? அத்தோட நிறுத்திக்க. இத நசுக்காத."

அவர் சிரித்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒருவர் இறங்கி வந்து, ஏத்துங்க அண்ணாத்தே, ரெண்டு புல்லுக்கு நின்னுகினு கீறீங்க என்றார். தங்கராஜ் அவரைத் திட்டினார். தன் ஊர் திருத்தணிப் பக்கம் என்றும், தன் அப்பாவும் நெல் போட்டவர்தான் என்றும், பயிரில் தன்னால் ஏற்ற முடியாது என்றும் அம்மாவிடம் சொன்னார். பிறகு மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். எங்கேயாவது கவிழ்த்துவிட்டு வா, இன்னும் நடை இருக்கிறது என்று பதில் வந்தது.

அங்கேயே கவிழ்த்தார்கள். மேற்கு வரப்புக்கு வெளியே, ஏரி வாய்க்காலில். தங்கராஜ்தான் முதலில் தொட்டியைத் தூக்கினார். அப்போது அம்மா பக்கம் பார்க்கவில்லை. ஒரு நாற்றும் மிதிபடவில்லை.

மறுநாளும் அங்கேயே கொட்டினார்கள். புதுப் பாதை போடும் பேச்சு நின்றது. தேவை இல்லையே. கிழக்கே இருந்த மேடு மேற்கிலும் வந்துவிட்டது. அம்மா இரண்டு அலுவலகங்களுக்குப் போனாள். கொட்டிய இடம் உங்கள் பட்டாவில் இல்லையே என்றார்கள். உண்மைதான். வாய்க்கால் பட்டாவில் வராது.

ஐப்பசி மழையில் குப்பை ஊறிக் கருநீர் வயலில் இறங்கியது. நான் மாதிரி எடுத்துப் பார்த்தேன். அம்மோனியா மிக அதிகம். அது பயிருக்குத் தழைச்சத்து. கார்த்திகையில் பயிர் கரும்பச்சையாக இடுப்பளவு நின்றது. பட்டாபிராம் பக்கத்து ஃபிளாட்டுகளிலிருந்து வந்தவர்கள் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அம்மா வரப்பில் நடக்கும்போது மூக்கை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

மார்கழி முதல் வாரம் கதிரை நசுக்கிப் பார்த்தாள். அந்த நேரம் மணியில் பால் இருக்க வேண்டும். இல்லை. வேறு இடத்தில் நசுக்கினாள். அங்கேயும் இல்லை. தழைச்சத்து மிஞ்சிப் பயிர் இலையாகவே போயிருந்தது. தடத்துக்கு வந்தாள். மண் இறுகிக் கொஞ்சம் மேடாக இருந்ததால் கருநீர் அங்கே தேங்கவில்லை. பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. நசுக்கினாள். விரலில் பால் வந்தது.

விரலை என்னிடம் நீட்டினாள்.

"இத துன்னலாமா, மதி?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மணி முற்றாமல் சோதிப்பதில் பயனில்லை. அதையும் சொன்னேன். சரி என்றாள்.

பத்து நாள் கழித்து விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆவடி மருத்துவமனைக்குப் போகும் வழியில் முடிந்தது. அம்மாவை எடுக்கும்போது தங்கராஜ் வந்தார். தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார்.

தை கடைசியில் அறுப்பு இயந்திரம் வந்தது. ஓட்டியவர் ஒரு சுற்று முடித்து இறங்கி, பதராகக் கொட்டுகிறது, டீசலுக்குக்கூடக் கட்டாது என்றார். அறுத்துவிடுங்கள் என்றேன். வைக்கோலை யாரும் கேட்கவில்லை. தடத்துப் பயிர் குட்டையாக இருந்ததால் இயந்திரத்துக்கு எட்டவில்லை. அதை நான் அரிவாளால் அறுத்தேன். தட்டித் தூற்றியதில் ஒரு சாக்கில் கால்வாசி தேறியது.

நெல்லில் ஈயம், காட்மியம் பார்க்க எங்கள் கூடத்தில் கருவி இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும், ஒரு நாளில் முடிந்துவிடும். தினமும் அந்தக் கருவியைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன். கேட்டவளுக்குச் சொல்ல வேண்டிய பதில். சாக்கை இன்னும் அவிழ்க்கவில்லை.