‘மூன்று உயிர்’ வரைபடத்தில் வராத பெயர்

1. கண்ணாடிப் பெட்டி

சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்து. மலேசியாவில், ஈப்போ பழைய நகரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் கண்காட்சி. படியேறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதற்குள் இருந்த ஒரு தாளும். தாளின் மூலைகளில் பசை காய்ந்து பழுப்பாகியிருந்தது. வெட்டி ஒட்டிய விளிம்புகள் தெரிந்தன. நகல் இல்லை, மூலப் பக்கம். அதை ஒட்டியவன் நான்.

பெட்டியின் மேல் ஓர் அட்டை. ‘மூன்று உயிர், மூன்றாம் இதழ். கோட்டை வரைபடம். ஆசிரியர், வரைந்தவர்: சேகர்.’

சேகர் அந்தப் படத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. வரைந்தவர் தவமணி. குனிந்து பார்த்தேன். வலது கீழ் மூலையில், வெளிர்நீலப் பென்சிலில், சின்ன எழுத்தில் ‘மு. தவமணி, செமோர்’ என்று இருந்தது. அரை அடி தூரத்தில் நின்றால் யாரும் படிக்கலாம். அட்டை எழுதியவர்கள் அவ்வளவு கிட்டே வரவில்லை.

கண்காட்சிக்கு ‘இணையத்துக்கு முன் ஓர் இனிய காலம்’ என்று பெயர். சுவரெல்லாம் பழைய கேம் பெட்டிகள், கேசட்டுகள், மஞ்சள் விளக்கு. இனிய காலம் என்று சொல்லிவிட்டால் அந்தக் காலத்தில் யார் வேலை செய்தார்கள் என்று விசாரிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. நான் பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரண அறிவிப்பில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டால் மறுநாள் காலை வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். நிற்க வேண்டியதுதான். இங்கே கேட்க ஆள் இல்லை என்பதால் எதையும் எழுதலாமா?

கண்காட்சியை நடத்துபவர் யோகிதா. முப்பது வயது இருக்கலாம். மரியாதையான பெண். கூப்பிட்டேன்.

“வரைஞ்சது சேகர் இல்லம்மா. தவமணின்னு ஒருத்தவங்க. இங்க பாரு, பேரே இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். “அலமாக், ஐயோ! இது யாரோ பின்னால கிறுக்குனதுன்னு நெனச்சோம் அங்கிள். பக்கத்தைக் கொடுத்தது சேகர் அங்கிள். விவரம் சொன்னதும் அவருதான். எங்ககிட்ட ஆறு இதழும் இருக்கு. எந்த காப்பியிலயும் இந்தப் பேரு இல்லையே?”

“இருக்காது.”

“ஏன் அங்கிள்?”

அதற்குப் பதில் சொல்ல, வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

2. நிரை மூன்று, மரம் ஏழு

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஈப்போ கிளையில் நான் பேஸ்ட்-அப் ஆள். பேராக் மாநிலச் செய்திப் பக்கம் எங்களிடம் தயாராகும். டைப் செட்டிங் செய்து நீளநீளமாக வரும் தாளைக் கத்தியால் வெட்டி, அளவுத் தாளில் நேராக ஒட்ட வேண்டும். பிறகு அதை கேமராவில் படம் பிடிப்பார்கள். ஒரு வரி சாய்ந்தால் பக்கமே சாய்ந்த மாதிரி இருக்கும்.

அப்போது ஈப்போவில் கேம் கடைகள் பெருகிக்கொண்டிருந்தன. டிவியின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆடலாம். கேசட்டுகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் வரும், கையேடு இருக்காது. எங்கே சாவி, எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரில் ஒருவனுக்குத் தெரிந்தால் அது பீடோர் மாதிரி சின்ன ஊருக்கு வந்து சேர அடுத்த பள்ளி விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு ஓர் இதழ் போடலாம் என்பது சேகரின் யோசனை. அதை நான் மறுக்கவில்லை. நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன், நன்றாகப் பேசுவான். மூன்று முறை செத்தால் ஆட்டம் முடியும், அதனால் ‘மூன்று உயிர்’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். தலையங்கம் எழுதினான், தபாலில் அனுப்பினான். பக்கம் ஒட்டுவதும் ஃபோட்டோஸ்டாட் எடுப்பதும் என் வேலை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பதால் என் பெயர் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

வரைபடம் தவமணி. அப்போது அவர் பத்தொன்பது வயதுப் பெண். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். தவமணி ஈப்போவில் ஒரு கேம் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். காலையில் கடை காலியாக இருக்கும்போது தானே ஆடுவார். நாங்கள் பார்த்ததிலேயே நன்றாக ஆடியவர் அவர்தான். சேகர் ஒருமுறை அவருடன் போட்டி போட்டுவிட்டு, “கண்ட்ரோலர் பழுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். “ஆமாண்ணே, உங்க கையில இருந்தாத்தான் அது பழுதாவுது” என்றார் தவமணி.

அந்தக் கோட்டை கேமில் எல்லா அறையும் ஒரே மாதிரி. அதே கல் சுவர், அதே தீப்பந்தம். பத்து நிமிடத்தில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மற்றவர்கள் வழியை ஞாபகம் வைக்கப் பார்த்தார்கள். தவமணி எண்ணினார்.

“எல்லா மரமும் ஒரே மாதிரிதாண்ணே இருக்கும். வெட்டாத மரம் எதுன்னு எங்கப்பா எப்படிக் கண்டுபுடிக்கிறாரு? மூஞ்சியப் பாத்தா? நிரையை எண்ணித்தான்.”

ஓர் அறை ஒரு மரம். ஒரு தளம் ஒரு நிரை. ‘நிரை மூன்று, மரம் ஏழு: சாவி’ என்று எழுதுவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான், படத்தைப் பார்த்த அரை மணி நேரத்தில் கோட்டையை முடித்துவிட்டேன் என்று. கண்காட்சியின் கையேட்டில் இந்த நிரை, மரம் கணக்கை ‘ஆசிரியரின் தனித்துவமான கற்பனை’ என்று போட்டிருக்கிறார்கள். சேகர் அந்தக் காலத்தில் பால் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை, அட்டைப் பூச்சிக்குப் பயந்து.

3. நீலப் பென்சில்

முதல் படத்தைத் தவமணி கறுப்புப் பென்சிலில் கட்டம் போட்டு, மேலே மையில் வரைந்து, பென்சிலை அழித்தார். அழித்ததில் மை இழுபட்டு அழுக்காகிவிட்டது. இதைப் பார்த்து அலுவலகத்திலிருந்து ஒரு வெளிர்நீலப் பென்சில் எடுத்து வந்து கொடுத்தேன். பேஸ்ட்-அப் மேசையில் எல்லாரிடமும் அது இருக்கும். குறிப்பு எழுத, கோடு போட. அந்த நீலம் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஃபோட்டோஸ்டாட்டிலும் விழாது.

“இதுல கட்டம் போடு. அழிக்கவே வேணாம்” என்றேன். வேறு விளக்கம் சொல்லவில்லை.

தவமணி மறுபடியும் கட்டத்தை நீலத்தில் போட்டார், சுவரை மையில் வரைந்தார். முடித்ததும் கையில் இருந்த பென்சிலாலேயே மூலையில் பெயரை எழுதினார். இதழ் வந்தது. படம் சுத்தமாக விழுந்திருந்தது. பெயர் இல்லை.

4. ஞாயிறு, மூன்று மணி

தவமணிக்கு அன்றே போன் செய்தேன். இப்போது செமோரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். விஷயத்தைச் சொன்னேன். “நாளைக்கு வாரேன். அந்த ஆளையும் வரச் சொல்லுங்க” என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மூவரும் பெட்டியின் முன் நின்றோம். யோகிதா சாவியுடன் ஓரமாக நின்றார். தவமணி முதலில் படத்தைப் பார்த்தார்.

“நாலாவது நிரையில ஒரு கதவத் தப்பாப் போட்டிருக்கேன்” என்றார்.

சேகர் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். “தவமணி! என்னா லா இது, ஆளே மாறிட்டே!”

“நீங்க மாறலண்ணே. அப்பவும் என் பேரை எடுத்தீங்க, இப்பவும் எடுத்திருக்கீங்க.”

“அட, இது சும்மா பழைய ஞாபகத்துக்கு வெச்சது. ஆசிரியர்னா எல்லாம் சேத்துத்தான் லா.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஆசிரியர்னு போட்டது சரி. வரைந்தவர்னு யாரு போடச் சொன்னா? உன் கையால ஒரு வட்டம் போட்டுக் காட்டு பாப்போம். இத்தன ஜனம் வந்து பாக்குது, வாய் கூசலியா?”

குரல் உயர்ந்துவிட்டது. கேம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பின.

சேகரின் சிரிப்பு போய்விட்டது. “அண்ணே, நீங்க கத்தாதீங்க. அட்டையில எழுதினது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு இதழ்ல இவ பேரு வராதது யாரால? நானா? அப்ப எனக்கு அந்தப் பென்சிலைப் பத்தி என்னா தெரியும்? பேஸ்ட்-அப் வேலை பாத்தது யாரு? அந்த நீலம் விழாதுன்னு யாருக்குத் தெரியும்?”

தவமணி என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?”

“தெரியும்.”

“மூணாவது இதழ் வந்ததும் நான் கேட்டேன். மெஷின் ஓரத்தை வெட்டுதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நம்பி, அதுக்கப்புறம் ஒவ்வொரு இதழுக்கும் பேரைக் கொஞ்சம் கொஞ்சமா மேல எழுதிக்கிட்டுப் போனேன். ஆறாவது இதழ்ல படத்துக்கு நடுவுல எழுதினேன். அப்பவும் வரல. சேகரண்ணன்தான் வெள்ளை பூசி அழிக்கிறாருன்னு முடிவு பண்ணி, அதோட வரையறத விட்டேன். இத்தன வருஷமா இந்த மனுஷனத் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

“பாத்தியா?” என்றான் சேகர்.

“நீங்க வாய மூடுங்க. அட்டையில எழுதினது நீங்கதான்.”

பிறகு யோகிதாவிடம், “அட்டைய மாத்துங்கம்மா. உதவி, நன்றி அதெல்லாம் வேணாம். வரைந்தவர்னு என் பேரு மட்டும்” என்றார். யோகிதா சரி என்றார். தவமணி படியிறங்கிப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

5. ஏன் சொல்லவில்லை

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சேகர் மீது வந்த கோபத்தை மட்டும் எழுதினால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். பாதி உண்மையாகவும் இருந்திருக்கும்.

இரண்டாம் இதழ் வந்த பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. ‘வரைபட அண்ணனுக்கு’ என்று எழுதியிருப்பார்கள். படம் வரைந்தது ஆணாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கேம் கடைகளுக்கு இதழைக் கொண்டுபோவது நான் என்பதால் அந்த அண்ணன் நான்தான் என்று நினைத்தார்கள். “மேப் அண்ணே!” என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். முதல் தடவையே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, “ஏய் பேஸ்ட்-அப்” என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தவமணியின் பெயரின் மேல் கறுப்பு மையால் ஒருமுறை எழுதியிருந்தால் போதும். என் மேசையில் எப்போதும் மூன்று மைப் பேனாக்கள் இருந்தன. ஆறு இதழிலும் அந்தப் பக்கம் என் கைக்கு வந்துதான் போனது.

சேகர் எடுத்துக்கொண்டது ஓர் அட்டையில். நான் எடுத்துக்கொண்டது ஆறு இதழில். அவன் மீது கோபம் இன்னும் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் கண்ணாடிப் பெட்டியின் முன் என் குரல் உயர்ந்ததற்கு அவன் மட்டும் காரணம் இல்லை.

இப்போது பக்கம் வடிவமைக்கிற, படம் போடுகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்தால், அது எதைச் செய்யாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை செய்தவர் தன் பெயர் எங்கே என்று கேட்டால் இயந்திரத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். கேட்டவர் நம்பிவிடுவார். நம்பிக்கொண்டே வேலையை விட்டுப் போய்விடுவார்.

திங்கட்கிழமை யோகிதா அட்டையை மாற்றிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். ‘வரைந்தவர்: மு. தவமணி, செமோர்.’ அதைத் தவமணிக்கு அனுப்பினேன். அதன் பிறகு நான்கு முறை போன் செய்திருக்கிறேன். அவர் எடுக்கவில்லை.