ஆஃப் செய்யாமல் துடைத்த கீபோர்டு

1. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்

வைட்ஃபீல்டில் ஐந்து மாடி ஆபீஸ் ஒன்றில் பதினோரு வருஷமாக ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவந்தேன். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் தொட்ட அத்தனை கீபோர்டுகளை எந்த இன்ஜினியரும் தொட்டிருக்க மாட்டார். தலைகீழாகத் திருப்பித் தட்டினால் எதிலிருந்து என்ன விழும் என்று பார்க்காமலே சொல்வேன். மூன்றாவது மாடியில் மிக்சர். நான்காவது மாடியில் நகம். டயட்டில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பப்ஸ் சாப்பிடுகிறவர் யார் என்பது அவர் மனைவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆனால் நான் தொட்டதெல்லாம் ஆஃப் ஆன கம்ப்யூட்டர். எங்கள் வேலையில் அது சட்டம். "ஸ்க்ரீன்ல வெளிச்சம் இருந்தா கிட்டயே போகாதே" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதனால் ஆன் ஆகியிருக்கிற கம்ப்யூட்டர் மேல் நாற்பத்தாறு வயது வரை என் விரல் பட்டதே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். டைப் செய்வதும் நானேதான், அதையும் கவனியுங்கள்.

2. நான் சொல்லிக் கொடுத்த நான்கு சூப்பர்வைசர்கள்

எங்கள் ஆபீஸில் சூப்பர்வைசர்கள் நிலைப்பதில்லை. புதிதாக யார் வந்தாலும் மேனேஜர் ரமேஷ் சார் என்னிடம்தான் அழைத்து வருவார். "ஸ்டெல்லாம்மா, இவங்களுக்குக் கொஞ்சம் எல்லாம் காட்டிடுங்க" என்பார். எந்தக் குழாய் ஒழுகும், மார்பிள் தரையில் எதை ஊற்றக் கூடாது, எந்த மீட்டிங் ரூம் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று எல்லாவற்றையும் காட்டுவேன். நான்காம் நாள் அதே அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் லேட்டு?" என்று என்னைக் கேட்பார்.

நான்கு பேருக்கு இப்படிக் காட்டினேன். நான்காமவரும் வேலையை விட்டுப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக ரமேஷ் சார் கேபினுக்குப் போனேன்.

"சார், நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன். நாலு பேரும் என்னையே திட்டினாங்க. அஞ்சாவது ஆளா என்னையே போட்டா என்ன?"

ரமேஷ் சார் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கோபப்படவில்லை. "ஏனு மாடோது, என்ன பண்றது ஸ்டெல்லாம்மா? உங்களுக்கு வேலை தெரியாதுன்னா நான் சொல்றேன்? டெய்லி ரிப்போர்ட் எக்செல்ல போடணும், மெயில் அனுப்பணும். கம்ப்யூட்டர் சர்டிபிகேட் இல்லாம உங்க பேரை அனுப்பினா ஹெச்.ஆர். அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க."

"கொண்டு வந்தா?"

"கொண்டு வாங்க, போடறேன். நாலு மாசம் அந்த சீட்டைக் காலியா வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் அந்த சீட் எனக்கு வேண்டும். ஐந்தாவதாக ஒருத்திக்குக் குழாயைக் காட்ட என்னால் முடியாது.

3. ஜெராக்ஸ் கடை மாடி

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அந்த சென்டர். மூன்று மாதப் படிப்பு. லெட்டர் அடிப்பது, டேபிள் போடுவது, மெயில், ஆன்லைன் ஃபார்ம், பிரின்ட். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து மெட்ரோவில் வந்தால் ஐந்து மணி வகுப்புக்குச் சரியாக இருக்கும். மொத்தம் ஒன்பது பேர். நந்தினி மிஸ்ஸுக்கு என் மகள் வயதுதான், ஆனால் குரல் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்.

முதல் நாள், "கீபோர்டுல உங்க பேரோட எழுத்துகளைத் தேடுங்க" என்றார். எல்லோரும் குனிந்து தேடினார்கள். நான் தேடவில்லை.

"எப்படி ஆன்ட்டி, முன்னாடியே டைப்பிங் தெரியுமா?"

"இல்ல மிஸ். ஏ, ஈ எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடம். க்யூ மேல வெறும் தூசிதான் இருக்கும். துடைச்சுத் துடைச்சு மனப்பாடம்."

மிஸ் சிரித்த சிரிப்பில் ஹெட்மிஸ்ட்ரஸ் காணாமல் போய்விட்டார்.

என் இன்னொரு பழக்கம் அவருக்கு வேடிக்கை. எங்கள் வேலையில் ஒரு ரெஸ்ட்ரூமைக் கழுவி முடித்ததும் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கதவுக்குப் பின்னால் தொங்கும் செக்லிஸ்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து. பார்க்காமல் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாமல் வெளியே வருவதும் இல்லை. கம்ப்யூட்டரிலும் எனக்கு அதே புத்தி. ஒரு வரி அடித்தால் உடனே கண்ட்ரோல் எஸ், சேவ்.

"ஆன்ட்டி, வரிக்கு வரி சேவ் பண்ண வேணாம்" என்பார் மிஸ்.

"கையெழுத்துப் போடாம எனக்கு அடுத்த ரூமுக்குப் போக வராது மிஸ்."

எக்செல்லைப் பார்த்து முதலில் பயந்தேன். இரண்டாம் நாள்தான் உறைத்தது, இது நம் செக்லிஸ்ட் அல்லவா! கட்டம் கட்டமாக நேரம், இடம், பெயர். பதினோரு வருஷம் நான் கையெழுத்துப் போட்டது எக்செல்லில்தான். எனக்குத்தான் தெரியவில்லை.

கண்ட்ரோல் இசட் கற்றுக்கொண்ட அன்று சந்தோஷம் தாங்கவில்லை. செய்த தப்பு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகிறது! கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் இப்படி ஒரு பட்டன் இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

4. பரீட்சை ஹாலில் ஒரு துணி

பரீட்சை வேறொரு சென்டரில். மேற்பார்வை பார்த்த அந்த சென்டர் மேடம் சிரித்தே பழக்கமில்லாதவர். ஒரு லீவ் லெட்டர், அதன் கீழே ஒரு டேபிள், ஒரு மணி நேரம். நான் பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டேன்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்தக் கீபோர்டு! வருஷக்கணக்கான அழுக்கு. கை நமநமவென்றது. கைப்பையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். எடுத்தேன். இடமிருந்து வலம், மூலை முடுக்கு எல்லாம் அழுத்தித் துடைத்தேன். கீபோர்டு பளபளவென்று ஆனது. மனசு நிறைந்தது.

வேலை முடிந்தால் கையெழுத்து. ஒரு விரல் கண்ட்ரோல் மேல், இன்னொரு விரல் எஸ் மேல் போய்விட்டது. வாசலில் நின்று பார்க்கிற பழக்கத்தில் தலையைத் தூக்கி ஒரு தடவை ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

லெட்டர் இல்லை. டேபிள் இல்லை. அர்த்தமில்லாத எழுத்துகள் மட்டும் இரண்டு வரி.

ஆஃப் ஆனதை மட்டுமே துடைத்துப் பழகியவள், உயிரோடு இருக்கிற கீபோர்டைத் துடைத்திருக்கிறேன். துணிக்கு அடியில் கண்ட்ரோலும் ஏ-யும் சேர்ந்து அழுந்தி மொத்தமும் செலக்ட் ஆகி, அதன் மேல் குப்பையை அடித்திருக்கிறேன். அந்த எஸ்ஸை அழுத்தியிருந்தால், வரிக்கு வரி பத்திரப்படுத்தியதன் மேல் இந்தக் குப்பையைச் சேவ் செய்து நானே கையெழுத்தும் போட்டிருப்பேன்.

எஸ்ஸிலிருந்து விரலை எடுத்து இசட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு தடவை. இரண்டு தடவை. குப்பை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எத்தனையாவது தடவையோ தெரியாது, லெட்டரும் டேபிளும் அப்படியே எழுந்து வந்தன.

"மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

ஹால் முழுக்கத் திரும்பியது. மேடம் வேகமாக வந்தார். "ஏனாய்த்து, என்ன ஆச்சு? கையில என்ன துணி? பிட்டா?" என்று பிடுங்கி உதறினார். இரண்டு தலைமுடியும் கொஞ்சம் பிஸ்கட் தூளும் விழுந்தன.

"கீபோர்டு அழுக்கா இருந்துச்சு மேடம்."

அவர் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டைம் ஆய்த்து, எல்லாரும் பிரின்ட் குடுங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு என்னை மட்டும் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "அந்தத் துணியைக் கொஞ்சம் குடும்மா" என்றார். அவர் கீபோர்டு என்னுடையதைவிட மோசம்.

"தரேன் மேடம்," என்றேன், "முதல்ல ஆஃப் பண்ணுங்க."

5. ஐந்தாவது ஆள்

சர்டிபிகேட் வந்த அன்று மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எடுத்துப் பார்த்தேன். ரமேஷ் சார் சொன்ன வார்த்தை தவறவில்லை. திங்கட்கிழமை என்னை எங்கள் ஆட்கள் முன்னால் நிறுத்தி, பழக்க தோஷத்தில், "இவங்க புது சூப்பர்வைசர். கொஞ்சம் எல்லாம் காட்டிடுங்க" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முனியம்மா, பத்து வருஷமாக என்னோடு தரை துடைத்தவள், விடவில்லை. "வாங்க மேடம், ஒழுகுற குழாயைக் காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் இப்போதுதான் பார்க்கிறவளைப் போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் யாரையும் திட்டவில்லை.

கைப்பழக்கம்தான் நம் சொத்து. ஆனால் அதே கை நம்மைக் கவிழ்க்கவும் செய்யும் என்பதைப் பரீட்சை ஹாலில் தெரிந்துகொண்டேன். அதனால்தான், புதிதாக வருகிற உங்களுக்கும் முதலில் இதைச் சொல்கிறேன்: எதை முடித்தாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் முதல் ரிப்போர்ட்டை அடித்து முடித்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ரமேஷ் சார் கேபினில்தான் எனக்கும் மேஜை. எழுந்து வாசல் வரைக்கும் போய் நின்றேன்.

"எங்க ஸ்டெல்லாம்மா, அனுப்பாம போறீங்க?" என்றார் ரமேஷ் சார்.

"இருங்க சார், பாத்துட்டு வரேன்" என்றேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். என் மேஜை, என் ஸ்க்ரீன், அதில் என் பெயர், எல்லாம் சுத்தமாக இருந்தது. போய் உட்கார்ந்து அனுப்பினேன்.