ராஜசேகர் எழுதி வைத்த தேதிகள்

கஜா புயல் அடித்து ஓய்ந்த மூன்றாவது வாரம். சேதக் கணக்கெடுப்புக்கு ஆள் போதாமல் டிகிரி முடித்த பையன்களைத் தினக்கூலிக்குப் பிடித்துப் போட்டார்கள். அப்படித்தான் இதை எழுதுகிறவன் திருத்துறைப்பூண்டியில் அந்தத் தெருவுக்குள் போனான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். கையிலிருந்த படிவத்தில் உலகத்து இழப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும் என்று நம்பியிருந்தான். ஓடு பறந்த ஒரு வீட்டின் முன்னால் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "என்னென்ன போச்சுங்க அக்கா?" என்று கேட்டான்.

"ஓடு பூரா போச்சு. கருவாடு ரெண்டு மூட்டை. அப்புறம் ஒரு டைரி மெஷினு. எழுதிக்கங்க தம்பி."

"லேப்டாப்புங்களா?"

"இல்ல, உள்ளங்கையில வச்சுப் பாக்குறது. எங்க வீட்டுக்காரரு அதுலதான் பேசிக்கிட்டிருந்தாரு."

"சாரு எங்கங்க இருக்காரு?"

"சுனாமியில போயிட்டாரு."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அவன் பேனாவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். அன்றும் பிறகும் அவள் சொன்னதும், அவள் மகள் இசைவாணியும் நாகூர் ஜாஃபர் சாதிக்கும் பிறகு சொன்னதும் சேர்ந்ததுதான் இது. அவள் பெயர் சந்திரலேகா.

ராஜசேகர் அக்கரைப்பேட்டையில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன். நாற்பது போட்டுக்கு மேல் அவன் கைக்கு வந்துபோகும். எதற்கு எப்போது ஆயில் மாற்றியது, எதற்கு ஃபில்டர் பாக்கி என்பதையெல்லாம் நோட்டில் எழுதினால் பத்து நாளில் கிரீஸ் ஏறி நோட்டே கறுத்துவிடும். அவனுடைய சிநேகிதன் ஜாஃபர் சாதிக் துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து நாகூர் கடைத்தெருவில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தான். அவன்தான் முதலில் சாம்பல் திரை போட்ட ஆர்கனைசர் என்ற டைரி மெஷின் ஒன்றைக் கொடுத்தான். அதில் மாதப் பக்கத்தைத் திறந்தால், வேலை இருக்கும் தேதியில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். என்ன வேலை என்று அறிய அந்தத் தேதியைத் தொட்டு உள்ளே போக வேண்டும். எழுத்து இங்கிலீஷ். ராஜசேகருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஞ்சினில் அடித்திருக்கும் தகட்டோடு சரி.

2004 ஆடியில் ஜாஃபர் புதியது ஒன்றைக் கொண்டுவந்தான். கலர் திரை. அளவு அதேதான், ஆனால் எழுத்தை வரைகிற பொடிப் புள்ளிகள் பழைய திரையில் ஒன்று இருந்த இடத்தில் இதில் நாலு. அந்தத் திரைக்கென்றே செய்த காலண்டர் ஒன்றையும் அதில் ஏற்றியிருந்தான். தேதியைத் தொட்டுச் சின்னக் குச்சியால் கையெழுத்தாகவே எழுதலாம். மாதப் பக்கத்தில் அந்த எழுத்தே பொடிப் பொடியாய்க் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"எழுதிப் பாரு மாப்ள. பழசு மாதிரி கோழி கிளறுனாப்ல வராது" என்றான் ஜாஃபர்.

ராஜசேகர் தமிழில் எழுதினான். புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி தெரிந்தது. "டேய் பாய், ஒரு வரி பூராப் புடிக்குதுடா!"

"பின்ன? துபாய்ல பெரிய பெரிய மேனேஜர் வச்சிருக்கறதுடா இது. நீ ஆயில் எழுதப் போற."

ஆயில் மட்டும் எழுதவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் திண்டில் சாய்ந்துகொண்டு வருஷம் வருஷமாக முன்னே தள்ளி, வரப்போகும் தேதிகளில் எழுதினான். "இன்னும் பத்து வருஷம் கழிச்சு வர்ற நாளுக்கு இப்ப என்ன எழுத்து?" என்று சந்திரலேகா கேட்டாள்.

"கட்டம் கட்டமா எவ்வளவு சுத்தமாக் கிடக்கு பாரு. கை அரிக்குது லேகா. இதுல 2031 வரைக்கும்தான் இருக்கு. அதுக்கு மேல தள்ளுனாப் போகமாட்டேங்குது. கடைசி நாள்லயும் ஒண்ணு எழுதியிருக்கேன்."

"காட்டுங்க."

"அன்னைக்கு அலாரம் அடிக்கும்ல, அப்பப் பாத்துக்க."

அவள் குச்சியைப் பிடுங்கப் போனாள். அவன் மெஷினைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தான். ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

டிசம்பரில் அவனுக்கு ஒரு குறை. எஞ்சின் ஓடும் சத்தத்தில் அலாரம் காதில் விழவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜாஃபரிடம் கொடுத்தான். "லாஞ்ச் ஹாரன் மாதிரி ஒரு சத்தத்தை ஏத்தித் தர்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு வா" என்றான் ஜாஃபர். மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ராஜசேகர் துறைமுகத்தில் ஒரு எஞ்சினைப் பார்க்கப் போனான். ஒன்பது மணி வாக்கில் கடல் உள்ளே வந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்கு வா என்று சொல்லியிருந்தால் அவன் நாகூர் கடைத்தெருவில் நின்றிருப்பான். ஜாஃபர் இதை இன்றைக்கும் சொல்கிறான், யாரும் கேட்காமலே.

பதினேழாம் நாள் ஜாஃபர் முகாமுக்கு வந்தான். சந்திரலேகா ஐந்து வயது இசைவாணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சேகரு சாமான்மா. வேண்டாம்னா நானே வச்சுக்கறேன்."

அவள் கையில் வாங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் அது அடித்தது. லாஞ்ச் ஹாரனேதான். முகாமில் இருந்தவர்கள் மறுபடி தண்ணீர் வருகிறதென்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். சந்திரலேகா ஓடவில்லை. திரையில் ராஜசேகரின் கையெழுத்து இருந்தது: 'காயாரோகணம் அண்ணன் போட்டு. ஆயில்.'

காயாரோகணம் பிழைத்துக் கிடந்தார். அவருடைய போட்டு ரோட்டின் மேல் ஏறி இரண்டாகக் கிடந்தது. அவள் அவரிடமே போய் நின்றாள். "அண்ணே, இன்னைக்கு உங்க போட்டுக்கு ஆயில் மாத்தணுமாம்."

"யாரு சொன்னா?"

"அவரு."

காயாரோகணம் திரையைப் பார்த்தார். "செத்தும் வேலைக்குக் கூப்பிடுறானே பாவி" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துப் புதுப் போட்டு வாங்கியபோது, ஆயில் மாற்ற வேறு தேதி வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. ராஜசேகர் போட்ட தேதிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷின் அடிக்கும், சந்திரலேகா ஃபோன் போடுவாள், அவர் ஆயில் மாற்றுவார். பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர், "நம்ம போட்டுக்குச் சேகரு என்ன சொல்றான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சில தேதிகளில் அடிப்பது இல்லாத போட்டுகளுக்கு, இல்லாத ஆட்களுக்கு. அந்த நாட்களில் அவள் அலாரத்தை உடனே நிறுத்த மாட்டாள். அதுவாக ஓயும்வரை கையில் வைத்திருப்பாள்.

அலை சத்தம் கேட்காத ஊர் வேண்டும் என்று திருத்துறைப்பூண்டிக்கு வந்து கருவாட்டுக் கடை போட்டாள். சுற்றிலும் வயல்தான், ஆனால் நடவுக்குத் தண்ணீர் வைத்து வயல் ஒரே பரப்பாக மின்னும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பாள்.

மெஷினை அவள் வைத்திருந்த விதம் ஒன்று உண்டு. முன் தேதியைப் பார்க்க மாட்டாள். அடிக்கிற நாளில் பார்த்துக்கொள் என்று அவன் சொன்ன பிறகு அதை மீறுவது அவளால் ஆகவில்லை. பழைய மெஷினாக இருந்திருந்தால் கஷ்டமே இல்லை, புள்ளிதான் தெரியும். இதிலோ திறந்தவுடன் மாதம் முழுக்க எழுத்தாக வந்து நிற்கும். பழைய ரேஷன் கார்டின் அட்டையைத் திரை அளவுக்கு வெட்டி மேலே வைத்துக்கொண்டாள். ஒன்றாம் தேதி எல்லாம் மூடியிருக்கும். வாரம் நகர நகர அட்டையை ஒரு வரி கீழே இறக்கி, அந்த வரியில் இன்னும் வராத நாட்களை விரலால் மூடிக்கொள்வாள்.

இசைவாணி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பிய காலை அது அடித்தது. 'இசைக்கு இந்த மாசம் பத்தாவது பரீட்சை இருக்கும். யாரும் திட்டாதீங்க.' முதல் நாள்தான் சந்திரலேகா திட்டித் தீர்த்திருந்தாள். இசைவாணி பரீட்சை அட்டையை மார்போடு அணைத்தபடி அம்மாவையே பார்த்தாள். "நான் சொல்லிக் குடுக்கலம்மா" என்றாள்.

பேட்டரி தீர்ந்தால் அந்த மெஷினில் எல்லாம் அழிந்துபோகும். ஜாஃபர் வரும்போதெல்லாம் எச்சரிப்பான். "ஒரு கார்டுல காப்பி எடுத்து வச்சுடுவோம்மா. நிமிஷ வேலை."

"வேண்டாண்ணே. ஒருத்தரையே தாங்க முடியல. ரெண்டாக்காதீங்க."

"அப்படி இல்லம்மா, சேஃப்டிக்கு..."

"உள்ள என்னென்ன இருக்குன்னு நீங்க பாத்துடுவீங்க. அவரு எனக்கே காட்டல."

ஆகவே சார்ஜ் போடுவதுதான் அவளுடைய நித்திய வேலை. பதினாறு மணி நேரம் மின்வெட்டு இருந்த வருஷத்தில்கூட விடவில்லை. பேட்டரிக்கு வயதாகி, 2018இல் நான்கு நாள்தான் தாங்கியது.

கஜா அடித்த விடியலில் ஊரின் கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்குக் கரண்ட் வராது என்றார்கள். மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து ஃபோன்களுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். சந்திரலேகா வரிசையில் நின்று மெஷினின் சார்ஜரைக் கொடுத்தாள். ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. பக்கத்தில் இருந்த பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டு அணைந்தது. சார்ஜரிலிருந்து கருகல் வாடை வந்தது.

"வேற சார்ஜர் மாட்டுவோம்க்கா" என்றார் ஜெனரேட்டர்காரர். அந்த மெஷினின் முள்ளுக்குப் பொருந்துகிற எதுவும் அங்கே இல்லை. மாற்றுச் சார்ஜர் இருந்த ஒரே இடம் ஜாஃபர் கடை. நாகூர் வரைக்கும் ரோடெல்லாம் மரம். ஃபோனுக்குச் சிக்னல் இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்தபோது ஒன்பது சதவீதம் காட்டியது.

இசைவாணி நர்சிங் படிப்பிலிருந்து லீவுக்கு வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இன்னைக்குள்ள போயிடும். எல்லாத்தையும் பாத்து எழுதிடுவோம்."

"வேண்டாம்."

"போனா ஒண்ணுமே இருக்காதும்மா. அப்பா எழுதினது ஒரு எழுத்து இருக்காது."

சந்திரலேகா மெஷினைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். திரை தானாக அணைந்தது. பிறகு அதை மகளிடம் நீட்டிச் சொன்னாள். "நீ பாரு. நான் பாக்கல. நீயும் எங்கிட்ட எதையும் சொல்லாத. அந்தந்த நாள் வந்தா மட்டும் சொல்லு."

அவள் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எதிரே சாய்ந்து கிடந்த சம்பாப் பயிருக்கு மேல் தண்ணீர் நின்றது. அன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் மகள் மாதத்தைத் தள்ளுவதும் நோட்டில் பேனா ஓடுவதும் கேட்டது. புள்ளி புள்ளியாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் ஒரு வருஷம்கூடத் தேறியிருக்காது. மாதப் பக்கத்திலேயே எழுத்துத் தெரிந்ததால் பேனா நிற்காமல் ஓடியது. ஒரு தடவை இசைவாணி சிரித்தாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள்.

"வாயத் தொறக்காத இசை."

"தொறக்கலம்மா. மூணு பர்சென்ட்."

கொஞ்ச நேரம். "ரெண்டு." பிறகு, "கடைசி மாசம் வந்துட்டேன்."

பேனா சத்தம் நின்றது. மறுபடி கேட்கவில்லை.

"என்னடி?"

"அணைஞ்சிடுச்சும்மா."

2031 டிசம்பர் 31. அந்தக் கட்டத்தில் 'லேகா' என்ற பெயரும் ஒரு காற்புள்ளியும்தான் தெரிந்திருக்கின்றன. நீளமான வரி, மிச்சம் உள்ளே இருந்தது. திறக்கலாம் என்று இசைவாணி தொட்டிருக்கிறாள். தொட்ட இடத்திலேயே திரை கறுத்துவிட்டது. இதை மட்டும் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டாள்.

சந்திரலேகா திரும்பாமலே இருந்தாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டு நின்னுட்டாராக்கும்? எப்பவும் இதே வேலைதான். கூப்பிடுவாரு. என்னங்கன்னு போய் நின்னா ஒண்ணுமில்லம்பாரு."

இரண்டு நாள் கழித்து ஜாஃபர் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்தான். மடியில் சார்ஜர், சார்ஜ் ஏற்றிய ஒரு பேட்டரி. மாட்டியதும் மெஷின் உயிர் பெற்றது. மூலையில் இருந்த குறியைக் குச்சியால் தொடச் சொல்லிக் கேட்டது, புதிதாக வாங்கிய அன்று கேட்டதைப் போல. பிறகு காலண்டர் வந்தது. கோடுகள் கூர்மையாக, கட்டங்கள் வெள்ளையாக, ஒன்றில்கூட எழுத்தில்லை. ஜாஃபர் மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே போனான். சந்திரலேகாதான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போதும்ணே. இனிமே அட்டை தேவையில்ல."

அதற்குப் பிறகு அந்தந்த நாள் காலையில் இசைவாணிதான் ஃபோன் செய்து நோட்டைப் படிப்பாள். 2021 ஆவணியில் ஒரு புதன்கிழமை, அவள் நோட்டை எடுப்பதற்கு முன்னால் அம்மாவிடமிருந்தே ஃபோன் வந்தது.

"இன்னைக்கு என்னடி இருக்கு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆறு மணிக்கு அடிச்சுது. ஹாரன் சத்தம். மெஷினைப் போய்ப் பாத்தேன், சார்ஜ் இல்லாம செத்துதான் கிடக்கு."

இசைவாணி நோட்டைப் புரட்டினாள். நோட்டில் அந்தத் தேதிக்கு ஒரே வரி: 'ஒண்ணுமில்ல. சும்மா எழுதிப் பாக்குறேன்.' படித்தாள். அதன் பிறகு எத்தனையோ தடவை அப்படி நடந்துவிட்டது. இசைவாணி இப்போதெல்லாம் எப்படி என்று கேட்பதில்லை.

2024 வைகாசியில் ராஜசேகருக்கு அறுபது. நோட்டில், 'திருக்கடையூர். ரெண்டு மாலை சொல்லணும். லேகாவுக்குப் பச்சைப் புடவை' என்று இருந்தது. சந்திரலேகா பச்சைப் புடவையில் தனியாக பஸ் ஏறிப் போனாள். கோயில் பிராகாரம் முழுக்க ஜோடி ஜோடியாக உட்கார்த்தி வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாலை வாங்கியதைப் பார்த்துப் பூக்கடைக்காரம்மா, "ஐயா எங்கம்மா, வண்டி விடப் போயிருக்காரா?" என்று கேட்டாள்.

"வேலையில இருக்காரு. வருவாரு" என்றாள் சந்திரலேகா. இரண்டு மாலையையும் மடியில் வைத்துக்கொண்டு உச்சி நேரம்வரை ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அத்தனை கூட்டத்திலும் யாரும் அங்கே உட்காரவில்லை என்பதை அவள் சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது.

சந்திரலேகாவுக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. திருத்துறைப்பூண்டியில் அதே கருவாட்டுக் கடையை நடத்துகிறாள். இசைவாணி மன்னார்குடியில் நர்ஸாக இருக்கிறாள், நோட்டு அவளிடம் இருக்கிறது. அதில் ஆயில் தேதிகள் போக இன்னும் ஏழு தேதிகள் பாக்கி. மெஷின் சந்திரலேகாவின் தலைமாட்டில் இருக்கிறது, அந்தப் புதன்கிழமையிலிருந்து அதற்கு மறுபடி தினமும் சார்ஜ் போடுகிறாள்.