கோட்டை, எழும்பூர், பூந்தமல்லி: மூன்று சர்ச்சுகளின் சுவரைத் தட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை

வரலாற்று ஆர்வத்தில் கிளம்பினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். உண்மை அதுவல்ல. பயத்தில் கிளம்பினேன்.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எனக்குப் பெயிண்ட் கடை. பூந்தமல்லி பக்கம், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்துச் சர்ச் ஒன்றுக்குப் பட்டி பார்க்கும் மாவும் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் கொடுத்தது நான். அடித்தவர் திருவேற்காடு ஏழுமலை, என் கடைச் சரக்கை வைத்தே பதினைந்து வருடமாக வேலை எடுக்கிறவர். “பத்து வருஷத்துக்குக் கை வைக்க வேண்டாம்” என்று போதகரிடம் சொன்னதும் நானே. அடுத்து வந்த ஐப்பசி மழை முடிவதற்குள் போதகரிடமிருந்து போன். உள்சுவர் வியர்க்கிறதாம், இடது பக்க வளைவில் பெயிண்ட் உப்பி நிற்கிறதாம்.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். பெயிண்ட் மட்டும் உப்பியிருக்கிறதா, உள்ளே காரைப் பூச்சே சுவரை விட்டுக் கழன்றுவிட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. சிமென்ட் சுவர் தட்டினால் எப்படிக் கேட்கும் என்பது எனக்கு அத்துப்படி. சுண்ணாம்புச் சுவர் தெரியாது. அந்த வளைவின் கீழேதான் பெண்களும் பிள்ளைகளும் உட்காரும் பெஞ்சுகள். ஞாயிறு காலை எட்டரைக்கு அறுப்பின் பண்டிகை. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. நன்றாக நிற்கிற பழைய சுவரை முதலில் தட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏழுமலையையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காலை 7.10க்கு அம்பத்தூரில் ரயில். சென்ட்ரலுக்கு ஐந்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து கோட்டைக்கு இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

“கோட்டைல சர்ச்சு பாக்கவா? ஞாயித்துக்கெழமைய உட்டுட்டு சனிக்கெழமை வந்துகீறீங்களே நைனா” என்றார் ஆட்டோக்காரர்.

“செவுத்துக்கு ஒடம்பு சரியில்ல மாமே. அதான் டாக்டரை இட்டுகினு போறேன்” என்று என்னைக் காட்டினார் ஏழுமலை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டைக்குள் இருக்கும் சர்ச் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. வெளியே தரையில் பழைய கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். தெரியாமல் மிதித்துவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். உள்ளே சுவர் நாலடி கனம். கூரையில் உத்திரமே கிடையாது, செங்கல்லை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று போட்ட கூரை அது. அனுமதி கேட்டு, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டது. இன்னும் நாலு இடத்தில் தட்டினேன். அதே சத்தம்.

“இன்னா அண்ணாத்தே, பலாப்பழம் வாங்குறவன் கணக்கா தட்டிகினே கீற?” என்றார் ஏழுமலை.

அடுத்து எழும்பூர், மூன்றரை கிலோமீட்டர், ஆட்டோ நூற்று இருபது. இது ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டிய சர்ச், உள்கூடம் வட்டம். மண் இளகலாக இருந்ததால் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாந்தால் நீலக் குவிமாடம், அதில் நட்சத்திரங்கள். தூண்களைப் பளிங்கு என்றே நினைத்தேன். சிப்பிச் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. இங்கேயும் ‘டொக்’தான்.

பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சுண்ணாம்பு செவுரு தண்ணிய இஸ்துக்கும், அப்பால அதுவே வெளிய உட்ரும். நீ மேல பிளாஸ்டிக் பெயிண்ட்ட போத்திட்டா தண்ணி எங்க சார் போவும்?” என்றார்.

பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பகல் 1.20க்குப் பூந்தமல்லி பஸ். இருபது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். மதுரவாயலில் நெரிசலில் நின்றபோது ஏழுமலை மெதுவாக ஆரம்பித்தார்.

“ஒரு கோட்டு அட்ச்சு உட்டுர்லாம் அண்ணாத்தே. நாளிக்கி ஒரு நாள் தாங்கிட்டா போதும். பண்டிகை முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்.”

என் மனதும் அங்கேதான் போனது, மறைக்கவில்லை. பூந்தமல்லி வட்டாரத்தில் எனக்கு வேலை வருவதே அந்தப் போதகர் வாய்வார்த்தையில்தான். வேலப்பன்சாவடி வந்தபோது, “முதல்ல தட்டிப் பார்த்துடலாம்” என்றேன்.

மூன்றே கால் மணிக்கு ஏணி போட்டு ஏறினேன். உப்பலான இடத்தில் தட்டினேன், உள்ளே காலியாகக் கேட்டது. ‘பொத்.’ ஒரு முழம் தள்ளித் தட்டினேன். அங்கேயும் ‘பொத்.’ சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே நகர்ந்தேன். கோட்டின் இரு முனையும் சேர்ந்தபோது உள்ளே அடங்கிய இடம் ஒரு கதவளவு இருந்தது. உள்ளங்கை ஈரமாகிவிட்டது, சுவரின் ஈரமா என் வேர்வையா என்று தெரியவில்லை.

இறங்கிப் போய்ப் போதகரிடம் சொன்னேன்.

“பெயிண்ட்தானே உரியுது?” என்றார்.

“இல்லைங்க ஐயா. காரையே விட்டுடுச்சு. நான் குடுத்த சரக்குதான் காரணம். நாளைக்கு இங்க யாரையும் உட்கார வைக்காதீங்க.”

“பத்து வருஷம்னு சொன்னீங்களே.”

“தெரியாம சொன்னேன் ஐயா.”

அவர் வளைவின் கீழே வந்து சாக்பீஸ் கோட்டை அண்ணாந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். குனிந்து ஒரு பெஞ்சின் முனையைத் தூக்கினார். “அந்தப் பக்கம் பிடிங்க” என்றார். மூன்று பேருமாக ஆறு மணிவரை பெஞ்சுகளை வெளியே சுமந்தோம்.

ஞாயிறு பண்டிகை வெளியே ஷாமியானாப் பந்தலுக்குக் கீழே நடந்தது. நடுவில் தூறல் வேறு. காரை விழவில்லை. மதியம் ஏழுமலை போன் செய்து, “இன்னா அண்ணாத்தே, உழலயே! சும்மா ஊரையே கெளப்பி உட்டியே” என்று சிரித்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அவர்தான் ஏணியில் ஏறினார். கொத்துக்கரண்டியை ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். மொத்தமும் ஒரே பலகையாக இறங்கி, பெஞ்சுகள் இருந்த இடத்தில் விழுந்து நொறுங்கியது. புழுதி அடங்கியதும் இறங்கி வந்தார். பிறகு, “ஒரு டீ சொல்லு அண்ணாத்தே” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டைக்குள் நுழைய அடையாள அட்டை கேட்பார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், கேட்காமல் எதையும் தட்டாதீர்கள். உங்கள் வீட்டில் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் வாட்டர்ப்ரூஃப் வாங்காதீர்கள். என் கடைக்கு வந்தாலும் தர மாட்டேன்.

அந்தச் சுவரில் இப்போது சுண்ணாம்பே பூசுகிறோம், என் பொறுப்பில். காய நாளாகும் என்கிறார்கள். மழை பெய்கிற ஒவ்வொரு நாளும், கடையைத் திறக்கும் முன் ஒரு நடை பூந்தமல்லி போய் வளைவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.