பன்னிரண்டு கிலோ கல்லுப்பு

ஆறாம் ஆண்டு படித்தபோது பதினொரு கோய் அலங்கார மீன்களை நான் பிழைக்க வைத்தேன். இப்படிச் சொல்வது பெருமையடிப்புத்தான். ஆனாலும் அந்தப் பெருமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மலைநாட்டுப் புசல்லாவைக் கடைத்தெருவில் எங்கள் கருவாட்டுக் கடை. அதற்கு மேலே மேட்டில் வீடு. கடையில் சிரிக்காத வாப்பா, முற்றத்து மீன் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தால் சிரிப்பார். அவருடைய தம்பி, எங்கள் சாச்சா, கட்டாரில் ஹோட்டல் நீச்சல் குளங்களைக் கழுவியவர். வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகச் சும்மா இருந்தார். ஒரு ஜனவரிக் காலையில் வாப்பா கண்டிக்குப் போனதும், அவர் திரும்புவதற்குள் தொட்டியைப் பளபளப்பாக்கிவிடச் சாச்சா நினைத்தார்.

மீன்களைப் பீப்பாயில் விட்டுத் தண்ணீரை வெளியேற்றினார். நீச்சல் குளத்தைத் தேய்ப்பதுபோலவே பாசியைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்தார். மலையிலிருந்து வரும் பைப்பைத் திறந்து விளிம்புவரை நிரப்பினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. கை வைத்தால் விரல் விறைத்தது. அதில் மீன்களை ஒரேயடியாகக் கொட்டினார். பத்தே நிமிடத்தில் எல்லாம் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் சரிந்துவிட்டன.

சாச்சாவின் முகம் செத்துப்போனது. குசினிக்கு ஓடிச் சுடுதண்ணீர்ப் பானையோடு வந்தார். நான் குறுக்கே நின்றேன். வாப்பாவோடு சேர்ந்து ஃபோனில் கோய் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு அதெல்லாம் மனப்பாடம்.

"சுடுதண்ணி வாணாம் சாச்சா. ஒரேயடியா சூடாக்கினா செத்துரும். வெயில்ல மெல்ல மெல்லச் சூடாகட்டும். கல்லுப்புத்தான் வேணும், அதுதான் சோர்ந்த மீனுக்குத் தெம்பு."

"மீனுக்கு உப்புப் போட்டா கருவாடுதான் மிஞ்சும் மகள்," என்றார் உம்மா. கருவாட்டுக் கடைக்காரர் மனைவி வேறென்ன சொல்வார்.

நீளம், அகலம், ஆழம் பெருக்கினேன். நாலாயிரம் லீற்றர். ஆயிரத்துக்கு மூன்று கிலோ வீதம் பன்னிரண்டு கிலோ. சாச்சா கடையிலிருந்து உப்பைத் தோளில் சுமந்து வந்தார். மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒன்றாக வாளியில் கரைத்து ஊற்றினோம். பைப்பை மூடி, பொழுது சாய்ந்ததும் தொட்டிமேல் படங்கு விரித்துக் குளிரை மறித்தோம். குளிர் விடும்வரை தீனி போடக் கூடாதென்று உத்தரவிட்டேன். சாச்சா அதற்கும் தலையாட்டினார். வாப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தொழப் போனார்.

நாலாம் நாள் படங்கை விலக்கினால், பெரிய சிவப்பு மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. பின்னாலேயே மற்றப் பத்தும். இரண்டு தரம் எண்ணிவிட்டு முற்றம் முழுக்கக் குதித்தேன். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தார். சாச்சா கடைத்தெருவெங்கும் என் புகழைப் பரப்பினார். ஒரு கிழமை நான் பேராதனை ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் போல நடந்தேன்.

ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீன்கள் மேலே வந்த அன்று மாலை வாப்பா சாச்சாவைக் கூப்பிட்டு, "தம்பி, இனி தொட்டி உன்ட பொறுப்பு," என்றார். காப்பாற்றியவள் நான், பொறுப்பு மட்டும் அவருக்கா? கோபத்தில் இரண்டு நாள் வாப்பாவோடு பேசவில்லை. வந்த நாள் முதல் எல்லோரும் சாப்பிட்ட பிறகே தனியாகச் சாப்பிடும் சாச்சா, அன்றிரவு எங்களோடு பாயில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அப்போது அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.